தேன்மெழுகுவத்தியை ரசிப்பது எப்படி?

தேன்மெழுகுவத்தி வாங்கிச் சில வாரம் ஆனதும் அதன்மேல் வெள்ளையாக ஒரு படலம் பூத்திருக்கும். பூஞ்சை என்று பலர் பயந்துவிடுகிறார்கள். பயம் வேண்டாம், மெழுகின் இளகிய கூறுகள் மெல்ல மேலே வந்து படிவதுதான் அது. மெல்லிய துணியால் துடைத்தால் பளபளப்பு திரும்பிவிடும். துடைக்காவிட்டாலும் எரிவதில் குறையிராது. எதையும் நிதானமாகவே செய்யும் மெழுகு இது. அந்தச் சுபாவம் பிடிபட்டால் ரசிப்பதும் பேணுவதும் சுலபம்.

நிறமும் வாசமும்

வேலைக்காரத் தேனீயின் வயிற்றுக்கு அடியில் நான்கு ஜோடி மெழுகுச் சுரப்பிகள் உண்டு. அங்கிருந்து செதில் செதிலாக வரும் மெழுகு ஏறக்குறைய வெள்ளைதான். அடையில் மகரந்தமும் பிசினும் சேரச் சேர மஞ்சளும் பழுப்பும் ஏறுகின்றன. நீலகிரியில் மலைத்தேன் எடுத்தபின் மிஞ்சும் அடையை வெந்நீரில் உருக்கி, வடிகட்டி, ஆறியதும் மேலே கட்டியாக மிதக்கும் மெழுகை எடுக்கிறார்கள். கோத்தகிரியில் அது மெழுகுவத்தியாகிறது. அடைக்கு அடை நிறம் மாறுவதால், இரண்டு வத்திகள் ஒரே சாயலில் இல்லையே என்று குறைப்பட வேண்டாம்.

வாங்கும்போது உள்ளங்கையில் கொஞ்ச நேரம் பொத்தி வைத்து முகர்ந்து பாருங்கள். கைச்சூட்டில் இதமான தேன்வாசம் எழும். மூக்கைத் துளைத்தால் செயற்கை வாசனை சேர்த்திருக்கக்கூடும்.

முதல் தடவை ஏற்றும்போது

தேன்மெழுகு உருக 62 முதல் 64 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். கடைகளில் கிடைக்கும் பாரஃபின் வத்திகள் பலவும் அதற்கு முன்பே உருகிவிடும். அதனால் தடித்த தேன்மெழுகுவத்தியை ஏற்றிக் கால் மணி நேரத்தில் அணைக்காதீர்கள். திரியைச் சுற்றி மட்டும் குழி விழும். அடுத்த தடவையும் சுடர் அந்தக் குழிக்குள்ளேயே இறங்கும். விட்டம் ஓர் அங்குலத்துக்கு ஒரு மணி நேரம் என்று கணக்கு வைத்து எரிய விடுங்கள். அணைத்தபின், விளிம்பு வெதுவெதுப்பாக இருக்கும்போதே விரலால் உட்புறமாக மெல்ல அழுத்திவிட்டால் அந்த மெழுகும் வீணாகாது.

சுடரைப் பார்க்க

ஏற்றுமுன் திரியைக் கால் அங்குலம் விட்டு நறுக்குங்கள். திரி நீண்டால் சுடர் ஆடும், கரி படியும். மின்விசிறியை நிறுத்துங்கள்; காற்றடித்தால் ஒரு பக்கமாக உருகி வழியும். பிறகு அறை விளக்கை அணைத்துவிட்டு, சுடருக்குச் சற்றுக் கீழே பாருங்கள். மெழுகின் மேல்விளிம்பு ஒளியை வாங்கி உள்ளிருந்தே பொன்னாக ஒளிரும். இந்த அழகுக்காகவே இதை ஏற்றலாம். காற்றைச் சுத்தமாக்கும் என்ற விளம்பரத்துக்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. எந்தச் சுடரும் கொஞ்சம் புகை விடும் என்பதால் ஜன்னல் லேசாகத் திறந்திருக்கட்டும்.

அணைக்க ஊத வேண்டாம். ஒரு கம்பியால் திரியை உருகிய மெழுகில் அமிழ்த்தி, உடனே நிமிர்த்திவிடுங்கள். புகை எழாது, மெழுகு பூசிய திரி அடுத்த தடவை சட்டென்று பற்றும்.

எடுத்து வைக்க

வெயில் பட்டால் நிறம் வெளுக்கும். கோடைச் சூட்டில் நீள வத்திகள் வளையும். காகிதத்தில் சுற்றி, குளிர்ந்த இடத்தில் படுக்க வையுங்கள். வளைந்துவிட்டால் வெதுவெதுப்பான நீரில் சற்று ஊறவிட்டு நிமிர்த்தலாம். கெட்டுப்போகும் பொருளல்ல, ஆண்டுக்கணக்கில் இருக்கும்.

விலை அதிகம் என்று அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். கரண்ட் போன அவசரத்துக்குச் சாதா மெழுகுவத்தி போதும். இரண்டு மணி நேரம் ஆற அமர உட்கார முடிகிற மாலையில் இதை ஏற்றுங்கள்.