பாட்டியின் கைக்கு 250 ஃபிரேம்

பிளெண்டர் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னதும், "அதான் வீட்டுல ஒன்னு இருக்கே, சட்னி அரைக்க?" என்றார். நான்கு மாதம் ஆகிவிட்டது. அந்தப் பிளெண்டர் வேறு, இந்தப் பிளெண்டர் வேறு என்று இப்போது தெருவுக்கே தெரியும். அவ்வளவு பேசித் தீர்த்திருக்கிறேன்!

உப்பின் இப்பின் கார்ட்டூனில் ராஜு மாட்டோடு வருவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதையெல்லாம் செய்யப் பெரிய ஸ்டூடியோவும் பெரிய பணமும் வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். பிளெண்டருக்கு ஒரு சென் கூட வேண்டாம். நெதர்லாந்துக்காரர் டான் ரோசென்டால் 1994இல் எழுதத் தொடங்கிய முப்பரிமாண அனிமேஷன் மென்பொருள் இது. 2002இல் அதன் கம்பெனி மூழ்கியபோது, பயன்படுத்தியவர்களே ஏழு வாரத்தில் 1,00,000 யூரோ திரட்டி அதை எல்லாருக்கும் பொதுவாக்கிவிட்டார்கள். 2025இல் ஆஸ்கர் வாங்கிய 'ஃப்ளோ' படம் இதில்தான் உருவானது. அதே மென்பொருள் எங்கள் ஊர் தெங்கேராவில் என் பழைய மடிக்கணினியிலும் ஓடுகிறது. ஓடுகிறது என்பதைவிட மூச்சு வாங்கிக்கொண்டு நடக்கிறது!

திறந்தவுடன் ஒரு சாம்பல் நிறக் கனசதுரம் நடுவில் உட்கார்ந்திருக்கும். எடிட் மோடுக்குள் போய் 'ஈ' தட்டினால் அதிலிருந்து இன்னொரு பகுதி முளைக்கும், 'எஸ்' தட்டி மவுஸை நகர்த்தினால் சுருங்கும். முளை, சுருக்கு, முளை, சுருக்கு. பத்து நிமிடத்தில் திரையில் நின்றது எங்கள் தெங்கேரா பள்ளிவாசலின் கோபுரம்! 1728இல் எழுந்த பள்ளிவாசல் அது, சீனக் கோயில்போல அடுக்கடுக்காக ஏறும் கோபுரம். தினமும் அதைக் கடந்துதான் போகிறேன். ஒவ்வோர் அடுக்கும் மேலே போகப்போக எவ்வளவு சிறுத்துக்கொண்டே போகிறது என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

அடுத்தது அசைவு. ஜாசின் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர் என் பாட்டி. அவரையே பொம்மையாகச் செய்து, அசைக்க உள்ளே எலும்பு பூட்டி, மரத்தடியில் நிறுத்தினேன். கத்தி மேலே இருக்கும்போது ஒரு கீஃபிரேம் (இந்த நேரத்தில் இங்கே நில் என்ற குறி), கீழே வந்ததும் ஒரு கீஃபிரேம். நடுவில் உள்ளதைப் பிளெண்டரே நிரப்பிவிட்டது. பெருமையோடு கொண்டுபோய்க் காட்டினேன்.

"ஏண்டி, கால ஆணியடிச்சா வச்சிருக்க?" என்றார் பாட்டி. அடுத்த குண்டும் உடனே வந்தது. "ஒட்டுப்பால உரிக்காமலே சீவுறா பாரு!"

எழுந்து நின்று, சுவரை மரமாக்கிச் செய்து காட்டினார். முதலில் நேற்றைய வெட்டில் காய்ந்து ஒட்டிய பாலை நாடாபோல உரித்தார். அப்புறம் இடது மேலிருந்து வலது கீழாக, குட்டிக் குட்டி இழுப்புகள். ஒவ்வோர் இழுப்புக்கும் கால் கொஞ்சம் நகர்ந்தது. பட்டைக்குள் பால் குழாய்கள் லேசாக வலப்பக்கம் சாய்ந்தே ஏறுகின்றன. அதனால் இப்படிச் சரித்து வெட்டினால்தான் நிறையக் குழாய் அறுபடும். பாட்டி அதைப் படித்ததில்லை. அவர் கைக்குத் தெரிந்திருக்கிறது!

அன்றிரவு, அசைவைக் கோடாகக் காட்டும் கிராஃப் எடிட்டரைத் திறந்தேன். என் கத்தியின் கோடு மெதுவாகக் கிளம்பி, மெதுவாக நிற்கும் வழவழப்பான வளைவு. நாம் மாற்றாவிட்டால் பிளெண்டர் அப்படித்தான் போடும். அதை உடைத்து வெடுக் வெடுக்கென்று பற்கள்போல ஆக்கினேன். காலுக்கும் கீஃபிரேம் வைத்தேன். ஓட விட்டால் — ஐயோ, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது! பொம்மை போய்விட்டது, பாட்டி வந்துவிட்டார்!

நொடிக்கு 24 ஃபிரேம் கணக்கில் 250 ஃபிரேம், பத்து நொடிக்குச் சற்று அதிகம். ஒரு ஃபிரேமுக்கு நான்கு நிமிடம் என்று ஏறக்குறைய 17 மணி நேரம் படமாக ரெண்டர் ஆனது. மேசை விசிறியை மடிக்கணினிக்குக் கொடுத்துவிட்டு நான் வியர்த்துக் கிடந்தேன். அதுகூடச் சுகமாகத்தான் இருந்தது, சத்தியமாக!

காலையில் பாட்டி பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. "இன்னொரு தடவ போடு" என்றார். போட்டேன். மூன்றாம் தடவையும் கேட்டார். முடிந்ததும் திரைக்குப் பக்கத்தில் குனிந்து, மரத்தடியையே உற்றுப் பார்த்தார்.

"எல்லாம் சரி. வாளி எங்கடி?"

இன்று ராத்திரி வாளி செய்கிறேன்.