யாரும் தேவைப்படாத மேசை

அமெரிக்காவிலும் கனடாவிலும் பல பொது நூலகங்களில் ஜன்னலோரமாக ஒரு மேசை போட்டிருப்பார்கள். அதன்மேல் துண்டுகளைப் பொருத்திச் சேர்க்கும் ஜிக்சா படம் ஒன்று பாதி முடிந்து கிடக்கும். பக்கத்தில் பொறுப்பாளர் என்று யாரும் இருக்க மாட்டார். பெயர் கொடுக்க வேண்டாம், நேரம் குறிக்க வேண்டாம். பள்ளி விட்டு வரும் சிறுவன் இரண்டு துண்டு வைத்துவிட்டு ஓடுவான். பஸ்ஸுக்கு நேரமிருக்கும் ஒருவர் கோட்டைக் கழற்றாமலே நின்று தேடுவார். மாலையில் வரும் முதியவர், தான் காலையில் விட்டுப்போன கூரைப் பகுதியை யாரோ முடித்திருப்பதைப் பார்த்துத் தலையாட்டிக்கொள்வார்.

கனடாவில் அக்கா வீட்டில் ஒரு குளிர்காலம் தங்கியிருந்தபோது இப்படியொரு மேசையில்தான் எனக்கு ஜிக்சா பழக்கமானது. அது மனிதர்களை இணைக்கும் என்று விரும்பி அடுக்குகிறவர்கள் சொல்வார்கள். நானும் அதை நம்புகிறேன். ஆனால் எப்படி இணைக்கிறது, எதுவரைக்கும் இணைக்கிறது என்பதைப் பாராட்டுகிறவர்கள் கேட்பதில்லை.

கேரம், சீட்டு, தாயம் எல்லாவற்றிலும் முறை உண்டு. உன் ஆட்டம், என் ஆட்டம் என்று கை மாறும். கடைசியில் யாராவது தோற்றாக வேண்டும். ஜிக்சாவில் முறை கிடையாது. நான்கு பேர் நான்கு மூலையில் ஒரே சமயத்தில் தேடலாம். ஓரத் துண்டுகளைப் பொறுக்கிச் சட்டம் கட்டுவது ஒருவர், நிறம் பார்த்துப் பிரித்து வைப்பது இன்னொருவர் என்று வேலை தானாகவே பங்காகிவிடும். யாரும் யாரையும் ஏவ வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, கண்கள் மேசையின்மேல் இருக்கும். எதிரெதிரே உட்கார்ந்து முகம் பார்த்துப் பேசுவது எல்லாருக்கும் எளிதில்லை. ஊருக்குப் புதிதாக வந்தவர், மொழி சரளமாக வராதவர், துக்கத்தில் இருப்பவர், பதின்வயதுப் பிள்ளை, இவர்களுக்குப் பேச்சு நடுவில் அறுந்துபோவது பெரிய சங்கடம். குனிந்து துண்டு தேடுகிற இடத்தில் மௌனமும் வேலையோடு சேர்ந்துவிடுகிறது.

நியூயார்க்கின் சதுக்கங்களில் மக்கள் எப்படி உட்காருகிறார்கள், எப்போது பேசிக்கொள்கிறார்கள் என்று படம்பிடித்து ஆராய்ந்தவர் வில்லியம் எச். வைட். முன்பின் தெரியாத இருவருக்கு நடுவே மூன்றாவதாக ஒன்று, அது ஒரு சிற்பமாகவோ தெருப் பாடகராகவோ இருக்கலாம், வந்துவிட்டால் அவர்கள் பேசத் தொடங்குகிறார்கள் என்பதை 1980இல் வெளியான தன் நூலில் எழுதினார். நூலக மேசையில் அந்த மூன்றாவது பொருள் ஜிக்சா. அதிலும் கூடுதலாக ஒரு வசதி: பாடகரை வேடிக்கைதான் பார்க்கலாம், இதில் கை வைக்கலாம்.

இதன் அருமை மிகப் பெரிய அளவில் தெரிந்த காலம் ஒன்று உண்டு. அமெரிக்கப் பொருளாதாரப் பெருமந்தம் அடிமட்டத்தைத் தொட்ட 1932-33இல், உழைப்பாளர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. அதுவரை நல்ல ஜிக்சா என்றால் மரத்தில் கையால் அறுத்தது, வசதியுள்ளவர்கள் வாங்குவது. அட்டையை அச்சால் வெட்டும் முறை பரவியதும் பத்திரிகைக் கடைகளில் வாரம் ஒரு புதுப் படம் 25 சென்ட்டுக்கு வந்து இறங்கியது. 1933இன் தொடக்கத்தில் விற்பனை வாரத்துக்கு ஒரு கோடியை எட்டியது. வாங்க முடியாதவர்களுக்கு மருந்துக்கடைகளும் நூலகங்களும் வாடகைக்குக் கொடுத்தன. வேலையிழந்த தச்சர்கள் வீட்டிலேயே படங்களை அறுத்து விற்றார்கள். மலிவான பொழுதுபோக்கு என்று வரலாற்றாசிரியர்கள் காரணம் சொல்வார்கள், சரிதான். ஆனால் எனக்கு அதில் இன்னொன்றும் தெரிகிறது. சம்பாதிக்கிறவர், சம்பாதிக்காதவர் என்ற பேதம் அந்த மேசையில் செல்லாது. வேலையில்லாத தகப்பனும் பத்து வயது மகளும் சம அந்தஸ்தில் ஒரு துண்டைத் தேடலாம்.

இனி மறுபக்கம்.

ஜிக்சா பிறந்ததே சேர்ந்து உட்காருவதற்காக அல்ல. 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற வரைபடக்காரர், வரைபடத்தை மரப்பலகையில் ஒட்டி நாட்டெல்லைகளின் வழியே அறுத்து விற்றார். பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குப் பூகோளம் கற்பிக்கும் சாதனம் அது. ஜேன் ஆஸ்டினின் ‘மான்ஸ்ஃபீல்ட் பார்க்’ நாவலில் (1814) ஒரு காட்சி வருகிறது. ஏழைக் குடும்பத்திலிருந்து பெரியம்மா வீட்டுக்கு அழைத்துவரப்பட்ட பத்து வயது ஃபேனிக்கு ஐரோப்பிய வரைபடத்தைச் சேர்க்கத் தெரியவில்லை என்று அந்த வீட்டுப் பெண்கள் அம்மாவிடம் போய் வியந்து சொல்கிறார்கள். இவர்களுக்கு அது விளையாட்டு. அவளுக்கு, தான் இந்த வீட்டைச் சேர்ந்தவள் இல்லை என்பதற்குச் சாட்சி. இன்றும் இது நடக்கிறது. வேகமான கை ஒன்று மேசைக்கு வந்துவிட்டால் மற்ற கைகள் மெல்லப் பின்வாங்கும். வந்தவர் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. “இதோ இங்கே வரும்” என்று பக்கத்தில் இருப்பவரின் கையிலிருந்து வாங்கி வைத்துவிடுவார். துண்டைக் கொடுத்தவருக்கு அதற்கப்புறம் அங்கே வேலை இல்லை.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு, ஜிக்சாவின் பெயரைக் கடன் வாங்கிய ஒரு வகுப்பறை எனக்கு விடை தந்தது. 1971இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில், அதுவரை பிரித்து வைத்திருந்த வெள்ளை, கறுப்பு, ஹிஸ்பானிக் பிள்ளைகளை ஒரே பள்ளியில் உட்கார வைத்தபோது பகை மூண்டது. எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் ஒரு வழி கண்டார். ஐந்தாறு பிள்ளைகளைக் குழுவாக்கி, பாடத்தைத் துண்டுபோட்டு, ஆளுக்கொரு துண்டு மட்டும் கொடுத்தார். மற்றவர்கள் சொல்லிக்கொடுத்தால்தான் மீதி தெரியும். தேர்வோ முழுப் பாடத்திலும். ஆங்கிலம் தட்டுத்தடுமாறிப் பேசும் பையனை முதலில் கேலி செய்தவர்கள், அவனிடம் இருப்பது வேறெங்கும் கிடைக்காது என்று புரிந்ததும் பொறுமையாகக் கேள்வி கேட்டு வரவழைக்கக் கற்றுக்கொண்டார்கள். பிள்ளைகளுக்குள் வெறுப்பு குறைந்தது. இதற்கு ‘ஜிக்சா வகுப்பறை’ என்றே பெயர்.

ஆனால் உண்மையான ஜிக்சாவில் அந்த விதி இல்லையே! எந்தத் துண்டையும் யாரும் எடுக்கலாம். நான் வராவிட்டாலும் என் பங்கு முடிந்துவிடும். சீட்டாட்டத்துக்கு நாலாவது கை வேண்டும், அவர் வராவிட்டால் ஆள்விட்டு அழைப்பார்கள். ஜிக்சா மேசையில் வராதவரை யாரும் தேடுவதில்லை. கடமை இல்லாததால்தான் கூச்சமுள்ளவரும் அங்கே துணிந்து உட்காருகிறார். அதே காரணத்தால்தான் அவர் ஒரு வாரம் வராமல் போனாலும் தெரிவதில்லை. நூலக மேசையைத் தனிமைக்கு மருந்து என்று சொல்பவர்களோடு நான் ஒத்துப்போகாத இடம் இது. வாசல் வரை அது கொண்டுவந்து விடும். உள்ளே அழைத்துப்போக வேறொருவர் வேண்டும்.

மூளைக்கு நல்லது என்ற வாதத்தை இதோடு சேர்ப்பவர்களும் உண்டு. ஜெர்மனியின் உல்ம் பல்கலைக்கழகத்தினர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், 50 வயது கடந்த 100 பேரை எடுத்து, அதில் ஒரு பகுதியினரைத் தினம் ஒரு மணி நேரமாவது, 30 நாட்கள் ஜிக்சா அடுக்க வைத்தார்கள். அடுக்காதவர்களோடு ஒப்பிட்டால் சிந்தனைத் திறனில் சொல்லும்படியான ஆதாயம் இல்லை. பல ஆண்டுகளாக அடுக்குபவர்களிடம் அந்தப் பழக்கத்துக்கும் சிந்தனைத் திறனுக்கும் தொடர்பு தெரிந்தது. அது எதனால் என்பது வேறு கேள்வி. மருந்தாக விற்பதை நிறுத்திவிட்டால் நல்லது.

ஒரே ஒரு இடத்தில் ஜிக்சா என் குறைகளையெல்லாம் தாண்டிவிடுகிறது. மறதிநோய் உள்ளவர்களுக்கென்று பிரிட்டனில் 13 துண்டு, 35 துண்டுப் படங்கள் செய்கிறார்கள். குழந்தைப் படமாக இல்லாமல் பெரியவர்களின் மரியாதைக்குத் தக்க காட்சிகளாக அவை இருக்கும். பதின்மூன்று துண்டைப் பராமரிப்பவர் ஒரு நிமிடத்தில் வைத்துவிடலாம். அவர் வைப்பதில்லை. சரியான துண்டு தன் கண்ணெதிரே கிடந்தும் கையைக் கட்டிக்கொண்டு, எதிரில் இருக்கும் விரல்கள் அதைக் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்கிறார். படம் முடியவேண்டும் என்ற அவசரத்தை ஒருவர் இன்னொருவருக்காக விட்டுக்கொடுக்கும்போதுதான் அந்த மேசைக்கு இரண்டு பேரும் தேவைப்படுகிறார்கள்.

அக்காவும் நானும் அந்தக் குளிர்காலத்தில் ஆயிரம் துண்டுப் படம் ஒன்றை வீட்டிலேயே விரித்தோம். பாதிக்கு மேல் கடலும் வானமும். நான்கு வாரம் ராத்திரி ராத்திரியாகச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். எங்களுக்குள் பேசவேண்டியது ஒன்று இருந்தது. அம்மாவின் கடைசி மாதங்களில் நான் பக்கத்தில் இருந்தேன். அக்காவால் வர முடியவில்லை. வராததற்கு நான் மனதுக்குள் கோபப்பட்டதும் அவளுக்குத் தெரியும். “இந்த நீலம் உன் பக்கம் இருக்கா பாரு” என்பதற்கு மேல் நாங்கள் போகவில்லை. இருவரும் சமாதானமாகிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன்.

இரண்டு மாதம் கழித்துப் போனில் கேட்டாள்: “அம்மா கடைசில என்னைக் கேட்டாங்களா?”

அந்தக் கேள்வி நான்கு வாரமும் எங்கள் இருவருக்கும் நடுவில், அந்த மேசையின்மேலேயே கிடந்திருக்கிறது. குனிந்த தலைகள் அதைப் பார்க்காமல் தப்பிக்க ஜிக்சா வசதி செய்து கொடுத்தது. ஆனால் அந்த நான்கு வாரம் இல்லாமல் அவள் போனை எடுத்திருப்பாளா என்று கேட்டால், இருக்காது என்றே தோன்றுகிறது. கேட்டார்கள் என்று சொன்னேன். எந்த நாள், எந்த வேளை, என்ன சொல்லிக் கேட்டார்கள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுது முடிக்கும்வரை நான் ஒன்றும் பேசவில்லை.