உடனே கேட்கும் மருந்து

நீல இன்ஹேலரில் வரும் ஆஸ்துமா மருந்தான சால்பூட்டமாலைக் குறை சொல்வது எளிதல்ல. மூச்சுக்குழாயைச் சுற்றியிருக்கும் தசை இறுகி, உள்ளே போன காற்று வெளியே வர வழியில்லாமல் நெஞ்சு விசிலடிக்கும்போது இரண்டு பஃப் இழுத்தால், ஐந்து நிமிடத்தில் தசை தளரத் தொடங்குகிறது. நான்கு மணி நேரமாவது மூச்சு சீராக ஓடுகிறது. இங்கிலாந்தில் டேவிட் ஜாக் தலைமையிலான குழு உருவாக்கி, 1969-இல் விற்பனைக்கு வந்த மருந்து இது. அதற்கு முன் புழங்கிய ஐசோபிரினலின் நுரையீரலோடு இதயத்தையும் சேர்த்து விரட்டியது. இதுவோ பெரும்பாலும் நுரையீரலோடு நின்றுகொண்டது. அரை நூற்றாண்டு கழிந்தும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது.

சிக்கலும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் தொடங்குகிறது. ஆஸ்துமா வெறும் தசை இறுக்கமல்ல. மூச்சுக்குழாயின் உட்சுவர் அழன்று வீங்குவதும் சளி அடைப்பதும்தான் அடிப்படை நோய். சால்பூட்டமால் அதைத் தொடுவதே இல்லை. அந்த வீக்கத்தைத் தணிப்பது ஸ்டீராய்டு இன்ஹேலர். அதை இழுத்தால் அன்றைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. பலன் தெரிய நாட்களோ வாரங்களோ ஆகும். மருத்துவர் இரண்டையும் எழுதித் தருகிறார். எது கேட்கிறது என்று நோயாளி தன் உடம்பிடம் கேட்கிறார், உடம்பு நீல இன்ஹேலரைக் காட்டுகிறது. ஸ்டீராய்டு என்ற பெயரே பாதிப் பேரைப் பயமுறுத்திவிடும் என்பது வேறு. அடுத்த முறை மெடிக்கல் ஷாப்பில் நீலம் மட்டும் வாங்கப்படுகிறது, பல சமயம் மருந்துச்சீட்டு இல்லாமலே.

இந்தப் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நியூசிலாந்து பாடம் படித்திருக்கிறது. 1976-இல் ஃபெனோடெரால் என்ற மருந்து அங்கே வந்தது. சால்பூட்டமாலின் இனம்தான், ஆனால் ஒரு பஃப்பில் 200 மைக்ரோகிராம், சால்பூட்டமாலில் 100. அதன்பின் ஆஸ்துமா இறப்புகள் கிடுகிடுவென ஏறின. 1989-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு ஃபெனோடெராலைக் கை காட்டியது. நோய் முற்றியவர்களுக்கே அந்த மருந்து எழுதப்பட்டது, அதனால்தான் அவர்கள் இறந்தார்கள் என்று எதிர்வாதம் கிளம்பியது. எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதமல்ல அது. ஆனால் மருந்தின் பயன்பாடு கட்டுப்படுத்தப்பட்டதும் இறப்புகள் சரிந்ததற்கு அந்த வாதத்தில் விடையில்லை.

சால்பூட்டமால் அத்தனை முரடல்ல. இருந்தாலும் பிரிட்டனில் 195 ஆஸ்துமா இறப்புகளை அலசி 2014-இல் வந்த அறிக்கையைப் பாருங்கள். உடனடி நிவாரண இன்ஹேலர் எத்தனை எழுதப்பட்டது என்ற கணக்கு கிடைத்தவர்களில் 39 சதவீதம் பேருக்கு, இறப்பதற்கு முந்தைய ஓராண்டில் 12-க்கும் மேல் எழுதப்பட்டிருந்தது. ஆறு பேருக்கு 50-ஐத் தாண்டியிருந்தது. மருந்து கொன்றதா, மருந்து நோயை மறைத்ததா என்று இதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் அத்தனை சீட்டு எழுதிய கைகளில் ஒன்றுகூடச் சந்தேகப்பட்டதாகத் தெரியவில்லை என்பதுதான் எனக்கு உறைக்கிறது.

மாற்று வழியும் நியூசிலாந்திலிருந்தே வந்தது. 1989 ஆய்வில் பங்கேற்ற ரிச்சர்ட் பீஸ்லி 2019-இல் இன்னொரு ஆய்வை வெளியிட்டார். லேசான ஆஸ்துமாக்காரர்களில் ஒரு பிரிவுக்குத் தேவைப்படும்போது சால்பூட்டமால், இன்னொரு பிரிவுக்குத் தேவைப்படும்போது புடெசோனைடு என்ற ஸ்டீராய்டும் மூச்சுக்குழாயை விரிக்கும் ஃபார்மோடெராலும் சேர்ந்த இன்ஹேலர். இரண்டாவது பிரிவில் நோய் திடீரென முற்றுவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அதே ஆண்டு, ஆஸ்துமாவுக்கான உலகளாவிய வழிகாட்டு அமைப்பான ஜினா, பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் சால்பூட்டமாலை மட்டும் கொடுக்கும் முறையைக் கைவிட்டது. நோயாளியைத் திருத்த முயலாமல், அவர் விரும்பும் உடனடி நிவாரணத்துக்குள்ளேயே ஸ்டீராய்டை ஏற்றி அனுப்புகிறது இந்த முறை; அதன் கெட்டிக்காரத்தனம் அங்கேதான். ஓட்டைகளும் உண்டு. விலை கூடுதல். மேலும், ஃபார்மோடெரால் சட்டென்று வேலை செய்யும், வேறு கூட்டு இன்ஹேலர்களில் இருக்கும் சால்மெட்ரால் செய்யாது. கையில் இருக்கும் கூட்டு இன்ஹேலர் எது என்று பார்க்காமல் மூச்சு முட்டும்போது இழுத்தால் ஏமாற்றம்தான்.

நம் ஊரில் இன்னொரு கூத்து நடக்கிறது. “இன்ஹேலர் கடைசிக் கட்ட மருந்து, தொட்டா விட முடியாது” என்று பயந்து சால்பூட்டமால் மாத்திரையே போதும் என்கிறார்கள். மாத்திரை 2 அல்லது 4 மில்லிகிராம். ஒரு பஃப்பைப் போல 20 முதல் 40 மடங்கு. அது ரத்தத்தோடு உடம்பு முழுக்கச் சுற்றுவதால் கை நடுங்கும், படபடக்கும், வேலை செய்யவும் நேரமாகும். மூச்சுத்திணறலுக்கே தரப்படும் இன்னொரு மருந்தான தியோஃபிலின் மாத்திரையில் இன்னும் கவனம் வேண்டும். பலன் தரும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு. காய்ச்சலுக்கென்று சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் சேர்ந்தால் ரத்தத்தில் தியோஃபிலின் ஏறி வலிப்புவரை கொண்டுபோகலாம்.

இன்ஹேலரை இழுக்கும் முறையோ யாரும் நிதானமாகக் கற்றுத்தராத ஒன்று. குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, அழுத்தும்போதே மெதுவாக ஆழமாக இழுத்து, பத்து விநாடி அடக்க வேண்டும். கேப்ஸ்யூல் போடும் பொடி வகையில் நேர்மாறு: வேகமாக உறிஞ்ச வேண்டும். அந்தக் கேப்ஸ்யூலைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, மருந்து கேட்கவில்லை என்பவர்களும் உண்டு. ஸ்பேசர் குழாய் மாட்டினால் அழுத்துவதும் இழுப்பதும் ஒரே நொடியில் நடக்கத் தேவையில்லை. அதற்கும் காசில்லாத குழந்தைகளுக்காகத் தென்னாப்பிரிக்காவின் ஹெதர் ஜாரும் குழுவினரும் 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் துளையிட்டு இன்ஹேலரைச் செருகிப் பார்த்தார்கள். கடையில் விற்கும் ஸ்பேசருக்குச் சமமாக அது வேலை செய்தது என்று 1999-இல் லான்செட்டில் எழுதினார்கள். மருந்தைப் புகைபோல ஆக்கித் தரும் நெபுலைசர் இயந்திரம் வைத்தால்தான் திருப்தி என்று கிளினிக் வாசலில் காத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி.

இதுவரை சொன்னது ஆஸ்துமாவுக்கு. பல வருடம் பீடி குடித்தவருக்கும் விறகடுப்புப் புகையிலேயே சமைத்த பாட்டிக்கும் வருவது பெரும்பாலும் சி.ஓ.பி.டி. என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். எல்லாவற்றையும் ‘வீசிங்’ என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால் சி.ஓ.பி.டி.யில் நீண்ட நேரம் மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்துதான் முதன்மைச் சிகிச்சை, ஸ்டீராய்டு எல்லோருக்கும் தேவையில்லை. எது எதுவென்று பிரித்துச் சொல்ல ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனை இருக்கிறது. அது செய்யாமலே பத்து வருடம் மருந்து எடுப்பவர்கள் ஏராளம்.

ஒரு நீல இன்ஹேலரில் 200 பஃப். வருடத்துக்கு மூன்று காலியானாலே நோய் முற்றும் ஆபத்து கூடுகிறது என்கிறது ஜினா. அதாவது தினமும் இரண்டு பஃப்கூட ஆகவில்லை. வாங்கிய தேதியை மார்க்கரால் அதன் மேலேயே எழுதி வைத்தால் கணக்கு தானாகத் தெரியும். மூச்சு முட்டும் நேரத்துக்கு ஆஸ்திரேலியர்களின் கணக்கு நினைவில் வைக்க எளிது: ஸ்பேசர் வழியாக நான்கு பஃப், ஒவ்வொன்றுக்கும் நான்கு மூச்சு, நான்கு நிமிடம் பொறுப்பது. தணியாவிட்டால் 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை அதையே தொடர வேண்டும். ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, நான்கு நிமிடம் காத்திருக்காமல் முதலிலேயே அழைக்க வேண்டும்.