விமானி முகாம்களும் பணம் என்னும் முதல் தேர்வும்

2025 டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ நிறுவனத்தின் சேவை நிலைகுலைந்து, ஆயிரக்கணக்கான பயணங்கள் ரத்தாகி, 5ஆம் தேதி தில்லியிலிருந்து புறப்பட வேண்டியிருந்த அதன் உள்நாட்டு விமானங்கள் அனைத்தும் நள்ளிரவு வரை நிறுத்தப்பட்ட வேளையில், விமானிகள் பற்றாக்குறையே எல்லாவற்றுக்கும் காரணம் என்ற விளக்கம் எளிதில் எடுபட்டது. தலைநகரின் ஏரோசிட்டி விடுதிகளில் கூடும் விமானி வேலைவாய்ப்பு முகாம்களுக்கும், பள்ளிப் படிப்பை முடித்தவரை விமான நிறுவனமே முன்கூட்டித் தேர்ந்து தன் கூட்டாளிப் பள்ளிகளில் பயிலச் செய்யும் ‘கேடட்’ திட்டங்களுக்கும் இந்த விளக்கம் புதிய நியாயம் ஒன்றை வழங்கிவிட்டது. அடுத்த 15 முதல் 20 ஆண்டுகளில் நாட்டுக்கு 30,000 விமானிகள் தேவைப்படுவர் என்று விமானப் போக்குவரத்து அமைச்சர் ராம் மோகன் நாயுடு 2025இல் சொன்ன கணக்கும், 2023 பிப்ரவரியில் ஏர் இந்தியா அறிவித்த 470 விமானங்களும், அதே ஆண்டு ஜூனில் இண்டிகோ கேட்ட 500 விமானங்களும் அந்த நியாயத்தைத் தாங்கும் தூண்கள். தேவை ஒருபுறம், ஆர்வம் மறுபுறம், இரண்டையும் இணைப்பதே முகாமின் தொண்டு என்பது அதன் ஆதரவாளர் வாதம்.

முகாம்களால் விளைந்த நன்மையை மறுப்பதற்கில்லை. விமானியாவது எப்படி என்பது விமானிகளின் வீடுகளுக்குள்ளும் விமானப்படைக் குடியிருப்புகளுக்குள்ளும் மட்டுமே புழங்கிய செய்தியாக இருந்த காலம் மாறி, மதுரையிலிருந்தும் ராஞ்சியிலிருந்தும் மாணவர் கிளம்பி வந்து தில்லி துவாரகாவின் தனியார் வகுப்புகளில் வழிகாண் கலையும் வானிலையியலும் படிக்கும் அளவுக்கு அது பொதுவாகியிருக்கிறது. இந்திய விமானிகளில் பெண்கள் ஏறத்தாழ 15 விழுக்காடு; உலக அளவில் அது 5 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. போலி மதிப்பெண் சான்றிதழ் காட்டி உரிமம் பெற்றவர் சிலர் 2011இல் பிடிபட்ட நிலையோடு ஒப்பிட்டால், எழுத்துத் தேர்வு, உளவியல் தேர்வு, சிமுலேட்டர் சோதனை என்று படிப்படியாக நடக்கும் இன்றைய தேர்வுமுறை நம்பகமானதுதான்.

ஆயினும், பற்றாக்குறை என்ற சொல்லை முகாம் எந்தப் பொருளில் ஆள்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். விமானிகளின் பணிநேரத்தையும் ஓய்வையும் வரையறுக்கும் திருத்திய விதிகளைச் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டிஜிசிஏ) 2024 ஜனவரியிலேயே வெளியிட்டுவிட்டது. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாக 2025 ஜூலையிலும், இரவுத் தரையிறக்க வரம்பு 6இலிருந்து 2ஆக நவம்பரிலும் நடைமுறைக்கு வந்தன. ஏறத்தாழ இரண்டாண்டு அவகாசம் இருந்தும், திட்டமிடலில் நேர்ந்த தவறே குழப்பத்துக்குக் காரணம் என்று இண்டிகோ நிறுவனமே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. ஆளெடுப்பை நிறுத்தி வைத்ததன் விளைவே அது என்று இந்திய விமானிகள் கூட்டமைப்பு குற்றம் சாட்டியது. ஆளில்லாமல் போனதற்கும் ஆளை எடுக்காமல் விட்டதற்கும் உள்ள வேறுபாடு முகாம்களின் விளம்பரத்தில் இடம்பெறுவதில்லை. இயக்குநரகம் 2022இல் 1,165 வணிக விமானி உரிமங்களையும் 2023இல் 1,622 உரிமங்களையும் வழங்கியிருக்கிறது. சந்தை உடனடியாகத் தேடுவதோ தலைமை விமானிகளை. அந்த இருக்கைக்கு 1,500 மணி நேரப் பறப்பும் வணிக உரிமத்துக்கு அடுத்த மேல்நிலை உரிமமும் வேண்டும். இன்று முகாமுக்கு வரும் 18 வயது இளைஞரால் அந்தக் குறை இந்தப் பத்தாண்டின் முடிவுக்குள் தீர்வது அரிது.

இவை எல்லாவற்றிலும் பெரிய குறை, திறமை பார்க்கப்படும் முன்னரே பணம் பார்க்கப்படுவது. வணிக உரிமத்துக்கு 200 மணி நேரப் பறப்பு வேண்டும். அதில் 100 மணி தனிப்பொறுப்பில் ஓட்டியதாகவும், 300 கடல் மைலுக்குக் குறையாத ஒரு நெடும்பயணம் உட்பட 20 மணி ஊர்விட்டு ஊர் பறந்ததாகவும், 5 மணி இரவில் பறந்ததாகவும் இருத்தல் வேண்டும். பயிற்சி விமானத்தின் எரிபொருளும் பராமரிப்பும் ஆசிரியர் ஊதியமும் மணிக்கணக்கில் மாணவர் தலையிலேயே விழுவதால், இந்தியாவில் உரிமம் பெறவே அரைக்கோடி ரூபாய் அளவில் செலவாகிறது. கேடட் திட்டமென்றால் தொகை ஒரு கோடியை ஒட்டியோ தாண்டியோ போகிறது. உத்தரப் பிரதேசத்தின் ஃபர்சத்கஞ்சில் ஒன்றிய அரசு நடத்தும் இந்திரா காந்தி தேசிய விமானப் பயிற்சி நிறுவனம் நுழைவுத் தேர்வு வைத்தே மாணவரைச் சேர்க்கிறது. அங்கும் கட்டணம் பல பத்து லட்சம். முகாமில் பயிற்சிப் பள்ளியின் மேசைக்கு அருகிலேயே கல்விக் கடன் மேசையும் போடப்பட்டிருப்பது தற்செயல் அன்று. ரூ.7.5 லட்சத்தைத் தாண்டிய கல்விக் கடனுக்கு வங்கிகள் பொதுவாக வீடோ நிலமோ ஈடாகக் கேட்கும் என்பதால், யார் விமானியாகலாம் என்பதை அந்த மேசையிலேயே பத்திரப் பதிவு முடிவு செய்துவிடுகிறது. ரூ.60 லட்சம் கடனை 10 விழுக்காடு வட்டியில் பத்தாண்டில் அடைக்க வேண்டுமென்றால் மாதத் தவணை மட்டும் ஏறத்தாழ ரூ.79,000 ஆகும். பயிற்சிக் காலத்தில் சேரும் வட்டி இதில் அடங்காது. இந்த வடிகட்டலைத் தாண்டியவர்களுக்குள் உளவியல் தேர்வு வைத்துச் சிறந்தவரைப் பொறுக்கிவிட்டு, அதற்குத் தகுதித் தேர்வு என்று பெயர் சூட்டுவது எப்படிப் பொருந்தும்?

உரிமம் கைக்கு வந்த பின்னும் செலவு ஓய்வதில்லை. ஏர்பஸ் ஏ320, போயிங் 737 போன்ற குறிப்பிட்ட ஒரு விமானத்தை ஓட்டுவதற்கு அதற்கே உரிய தனிப்பயிற்சியும் தேர்வும் உண்டு. ‘டைப் ரேட்டிங்’ என்று தொழிலில் வழங்கும் இதைப் பெரும்பாலும் சிமுலேட்டரில் முடிக்கிறார்கள். வேலை கொடுத்தபின் நிறுவனம் தரவேண்டிய இப்பயிற்சியை முன்னரே முடித்தவர்க்கு முன்னுரிமை என்று ஆளெடுப்பு அறிவிப்புகள் சொல்லத் தொடங்கியதும், மேலும் சில பத்து லட்சத்தைச் சொந்தக் கையிலிருந்து போட்டு அதை வாங்கி வைக்கும் வழக்கம் வேரூன்றியது. மாப்பிள்ளை அமையுமுன் மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு ஒப்பான இந்த ஏற்பாட்டில், எந்த விமானத்துக்குக் கட்டுவது என்பதையும் இளைஞரே ஊகிக்க வேண்டியிருக்கிறது. 2019 மார்ச்சில் 737 மேக்ஸ் விமானங்கள் உலகெங்கும் தரையிறக்கப்பட்டன. ஏப்ரல் 17 அன்று, பெரும்பாலும் 737 விமானங்களையே பறக்கவிட்ட ஜெட் ஏர்வேஸ் நின்றுபோனது. அனுபவம் மிக்க 737 விமானிகளே வேலை தேடி அலைந்த அந்தச் சந்தையில், சொந்தப் பணத்தில் 737 தகுதி பெற்று நின்ற 200 மணி நேரப் புதியவரைக் கேட்பார் யாருமில்லை. வளர்ந்துகொண்டிருந்த இண்டிகோவின் அணியோ ஏ320 குடும்பத்தைச் சார்ந்தது. ஊகம் பொய்த்தவருக்கு நட்டஈடு கிடையாது. காத்திருக்கும் காலத்தில் கருவிகளை மட்டும் நம்பிப் பறப்பதற்கான தகுதியையும் மருத்துவச் சான்றையும் ஆண்டுதோறும் காசு கொடுத்துப் புதுப்பித்தாக வேண்டும். புதுப்பிக்காதவர் பெயர் விண்ணப்பக் கட்டத்திலேயே கழிந்துவிடும்.

கேடட் திட்டம் இந்தச் சூதாட்டத்தைத் தவிர்க்கிறது என்பார்கள். அதில் கிடைப்பது நிபந்தனைக்கு உட்பட்ட நியமனக் கடிதம். பயிற்சியை முடித்தல், தேர்வுகளில் தேறல், நிறுவனத்தின் அப்போதைய தேவை ஆகியவை அந்த நிபந்தனைகள். முதல் இரண்டும் மாணவர் கையில் உள்ளவை; மூன்றாவது எவர் கையிலும் இல்லை. 2020இல் உள்நாட்டுச் சேவை இரண்டு மாதம் முற்றாக நின்று, ஜூலையில் இண்டிகோ தன் பணியாளர்களில் 10 விழுக்காட்டினரைக் குறைக்கப்போவதாக அறிவித்தபோது, அந்த மூன்றாவது நிபந்தனையின் கனம் என்ன என்பது புரிந்தது. கடிதம் வேலைக்கு உத்தரவாதம் தருவதில்லை. கட்டணம் செலுத்தியாக வேண்டும் என்பதற்கு மட்டும் உத்தரவாதம் இருக்கிறது.

இதற்கு நேர்மாறான வாதத்தை வேறோர் இடத்தில் இதே நிறுவனங்கள் முன்வைத்தன. வேலையை விட விரும்பும் துணை விமானி 6 மாதமும் தலைமை விமானி ஓராண்டும் முன்னறிவிப்பு தர வேண்டும் என்று இயக்குநரகம் 2017இல் விதித்தபோது, ஒருவரைப் பயிற்றுவித்துப் பணிக்கு ஆயத்தமாக்க 8, 9 மாதம் ஆகிறது என்பதே அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. பயிற்சி நிறுவனத்தின் முதலீடு என்பதால் விமானி எளிதில் விலகக் கூடாது. பயிற்சி விமானியின் சொந்த முதலீடு என்பதால் நிறுவனம் அவரை எடுத்தே ஆகவேண்டும் என்பதில்லை. இரண்டு கணக்கிலும் வரவு ஒரே பக்கம் சேர்கிறது. உள்நாட்டுப் பயணிகளில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினரை ஏற்றிச் செல்லும் இண்டிகோ, ஏர் இந்தியா ஆகிய இரு குழுமங்களின் தலைமையகங்களும் குருகிராமிலேயே இருக்கையில், ஒருவரின் நிபந்தனை பிடிக்காதவர் மற்றொருவரிடம் போகலாம் என்ற வாதமும் நெடுந்தூரம் செல்லாது.

உலகெங்கும் இதுவே வழக்கம் என்பது ஆதரவாளரின் கடைசி அரண். அது உண்மையில் பாதிதான். ஜப்பான் ஏர்லைன்ஸ் பட்டதாரிகளைப் பணியாளராகவே சேர்த்துத் தன் செலவில் விமானியாக்குகிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பயிற்சிச் செலவை ஏற்றுக்கொண்டு ஒப்பந்தத்தால் பிணைக்கிறது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2023இல் தொடங்கிய பயிற்சித் திட்டத்தில் ஆளுக்கு ஒரு லட்சம் பவுண்டு வரை தானே செலவிடுகிறது. அமெரிக்காவில் சொந்தச் செலவில் உரிமம் பெறுவோர் மிகுதி. ஆனால் 2013 முதல் அங்கே பயணிகள் விமானத்தின் துணை விமானிக்கே பொதுவாக 1,500 மணி நேரம் தேவைப்படுவதால், இடைப்பட்ட ஆண்டுகளில் புதியவர் பயிற்சி ஆசிரியராகவும் சரக்கு விமானியாகவும் சம்பளம் வாங்கிக்கொண்டே மணிகளைச் சேர்க்கிறார். சிறு விமானப் போக்குவரத்து பெயரளவுக்கே இருக்கும் இந்தியாவில் அந்த நடுப்படி மிகக் குறுகியது. 200 மணி நேரத்தோடு ஏ320இன் வலப்பக்க இருக்கையில் உட்கார வேண்டும். இல்லையேல் வீட்டில் உட்கார வேண்டும்.

பொறியியல் கல்லூரியொன்று தேசிய தரவரிசையில் இடம்பெற விரும்பினால், எத்தனை மாணவர்க்கு வேலை கிடைத்தது, அவர்களின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் எவ்வளவு என்று தரவு கொடுக்க வேண்டியிருக்கிறது. அதைவிடப் பல மடங்கு கட்டணத்தைப் பேசி முடிக்கும் விமானி முகாமில், கடந்த மூன்றாண்டில் தன்னிடம் பணம் கட்டிய எத்தனை பேர் இன்று துணை விமானியாக இருக்கின்றனர் என்ற எண்ணை மேசைதோறும் எழுதி ஒட்டுமாறு கேட்பதற்குப் புதிய சட்டம் தேவைப்படாது. சப்தர்ஜங் விமான நிலையத்துக்கு எதிரே இருக்கும் இயக்குநரகத்தின் ஒரு சுற்றறிக்கை போதும். 2025 அக்டோபரில் பயிற்சிப் பள்ளிகளை முதன்முறையாக அது தரவரிசைப்படுத்தியபோது ஒன்றுகூட உச்சத் தரத்தை எட்டவில்லை. 30,000 என்ற எண்ணை மேடைதோறும் முழங்குவோர், இந்தச் சிறிய எண்ணையும் அதன் அருகில் அச்சிடட்டும்.