இதயம் என்னும் உயிர்நிலை: மர்ம மரபுகளின் அளவுகோல்கள்

மனித உடலில் 107 உயிர்நிலைகள் உண்டு என்பதில் ஆயுர்வேத மூல நூல்கள் ஒன்றுபடுகின்றன; அடியோ கத்தியோ பட்டால் உயிருக்கோ உறுப்புக்கோ கேடு விளையும் அவ்விடங்களை அவை மர்மம் என்கின்றன. அவற்றுள் இதயத்தின் தலைமை எல்லாரும் ஒப்பியதே எனினும், அதற்கு ஒவ்வொரு மரபும் காட்டும் காரணம் வேறு.

அறுவை மருத்துவத்தை முதன்மையாகக் கொண்ட சுசுருத சங்கிதை, இரு முலைகளுக்கு நடுவே, இரைப்பையின் வாயிலை ஒட்டிய இதயத்தை, குருதிநாளம் சார்ந்த சிரை மர்மமாகவும், புண்பட்டால் ஏழு நாளுக்குள் உயிரைப் போக்கும் 19 மர்மங்களுள் ஒன்றாகவும் வைக்கிறது. அதன் பரப்பு அவரவர் கையைக் குவித்த அளவு. நோயாளியின் கையே அளவுகோலாதலால் சிறுவனுக்கும் மல்லனுக்கும் ஒரே கணக்கு வராது. விளிம்பில் மட்டும் காயம் பட்டால் சாவு உடனே நேராமல் நாள் கடந்தே வரும் என்றும் அந்நூல் பிரித்துரைக்கிறது. இதயத்தைச் சூழ்ந்து தனமூலம், தனரோகிதம், அபலாபம், அபத்தம்பம் என்று இணையிணையாக எட்டு மர்மங்கள் உள்ளன. தனமூலத்தில் அடிபட்டால் நெஞ்சுக்கூட்டில் கபம் நிறைந்தும், தனரோகிதத்தில் அடிபட்டால் குருதி நிறைந்தும், இருமலும் மூச்சிரைப்புமாய் நோயாளி மெல்ல மடிவான் என்னும் குறிப்பு, மார்புக் காயங்களை அருகிருந்து பார்த்தவர்களின் எழுத்தாகவே தோன்றுகிறது.

மருந்து மருத்துவத்தையே பெரிதாகப் பேசும் ஆயுர்வேத ஆசிரியர் சரகருக்குக் காயம் அத்தனை முக்கியமில்லை. உடல் வலிமையின் சாரமாகிய ஓசசு தங்குமிடம், பத்துப் பெருநாளங்களின் வேர் என்பதால் இதயத்தைத் தலையோடும் சிறுநீர்ப்பையோடும் சேர்த்து மும்மர்மமாக்குகிறார். பின்வந்த ஆயுர்வேத ஆசிரியர் வாக்படர், சிரை முதலிய ஐந்து வகைகளோடு தமனி மர்மம் என ஆறாவது வகையைச் சேர்த்தும் 107 என்னும் தொகையை மாற்றவில்லை. இது வகைப்பாட்டுத் திருத்தமே.

தமிழ் வாசகருக்கு மர்மத்தினும் பழக்கமான சொல் வர்மம். சித்த மரபு 12 படுவர்மம், 96 தொடுவர்மம் என 108 இடங்களை எண்ணி, நடு மார்பின் நேர்வர்மத்தைக் கொடிய படுவர்மங்களோடு சேர்க்கிறது. வெட்டக்கூடாத இடத்தைச் சுசுருதர் நுட்பமாக அளந்து தந்தார் என்றால், அடிபட்டு மயங்கியவனை எழுப்பும் இளக்குமுறையையும், அதற்கென்றே தொட வேண்டிய அடங்கல் தலங்களையும் வகுத்தவர்கள் வர்ம ஆசான்கள். மீட்பு என்று வரும்போது அவர்கள் மரபே ஒரு படி மேல் எனலாம். எந்த வர்மத்துக்கு எத்தனை நாழிகைக்குள் இளக்க வேண்டும் என்று, 24 நிமிடம் கொண்ட நாழிகையை அலகாக வைத்து, வர்ம நூல்கள் கெடுவும் குறித்துள்ளன.