குச்சியின் தடிமன்

ஆரணியில் பட்டுச்சேலைக்குக் கட்டத்தாளில் பூ வரைகிறவனுக்குத் தறியே விமர்சகன். ஒரு கட்டம் பிசகினால் ஜக்கார்டு அட்டையில் ஓட்டை பிசகும்; சேலை முழுக்கப் பூவுக்குப் பூ அதே தப்பு. நம் ஓவியர்களுக்கு அந்தத் தறி யார்? பறையடிக்கிறவரை வரைந்து மாட்டினால் 'ஆகா, எழுச்சி' என்று தோளைத் தட்டிவிட்டுப் போகிறார்கள். (அந்தத் தட்டலில் இரக்கமும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது.)

அப்படியொரு படத்தைப் பார்த்து எங்கள் சேரிப் பெரியவர் கேட்டார்: "ஏம்பா, சிண்டுக் குச்சியையும் அடிக் குச்சியையும் ஒரே தடிமனா போட்டிருக்கியே, சத்தம் எப்பிடி வரும்?" வரைந்தவன் முகம் சுண்டிப்போச்சு.

சென்னைக் கடற்கரையில் 1959இல் திறந்த ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலையைப் போய்ப் பாருங்கள். கல்லின் கனம் அந்த நாலு பேர் உடம்பில் தெரியும், கோஷம் இல்லை.

பையன் இப்போது மணிக்கட்டை மட்டும் திரும்பத் திரும்ப வரைகிறான். பெரியவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.