ஆவடிக்கு எத்தனை?

பேறுகால மரணம் பற்றிப் பேச்சு எடுத்தாலே நம்ம மாநிலத்துக்கு ஒரு பெருமிதம் வந்துவிடும். அது நியாயமானதுதான். மாதிரிப் பதிவு முறைக் கணக்குப்படி, 2001-03இல் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 134 தாய்மார்கள் தமிழ்நாட்டில் இறந்தார்கள். 2018-20இல் அது 54. இதே காலத்தில் இந்தியா 301இலிருந்து 97க்கு வந்தது. 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள், சீமாங் மையங்கள், 2008இல் வந்த 108 ஆம்புலன்ஸ் என்று இதற்குப் பின்னால் நிறைய உழைப்பு இருக்கிறது.

எனக்கு அந்த எண்ணோடு சண்டை இல்லை. அதை வைத்து நாம் பேசுகிற விதத்தோடுதான்.

எப்போதும் இந்திய சராசரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தோளைத் தட்டிக்கொள்கிறோம். அதே 2018-20 பட்டியலில் கேரளா 19, மகாராஷ்டிரா 33, தெலங்கானா 43, ஆந்திரா 45. அப்புறம்தான் நாம். இதை யாரும் மேடையில் சொல்வதில்லை.

சரி, மாநிலத்தை விடுங்க. ஆவடிக்கு எத்தனை, பூந்தமல்லிக்கு எத்தனை? மாதிரிப் பதிவு முறையில் இதற்குப் பதில் கிடையாது. அது மாநில அளவோடு நின்றுவிடும். மாவட்டக் கணக்கை எடுத்தாலும் சிக்கல். அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. சென்னை மாவட்டத்துக்குள் வந்தது 2018இல்தான். அப்போ திருவள்ளூர் மாவட்டத்தின் பத்து வருடப் போக்கு என்று ஒரு கோடு போட்டால், நடுவில் ஊரே மாறிவிடுகிறது. ஆவடியில் பதிவு செய்த பெண் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீடு போயிருப்பாள். எஸ்டேட்டில் வேலை பார்க்கும் ஒடிசாக்காரரின் மனைவி சொந்த ஊருக்கே போயிருப்பாள்.

இன்னொன்று, சின்ன ஊருக்கு விகிதமே சரியான கருவி இல்லை. ஒரு பகுதியில் வருடத்துக்கு 10,000 பிறப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருடம் 3 மரணம், அடுத்த வருடம் 6 மரணம் என்றால் விகிதம் 30இலிருந்து 60க்குத் தாவும். நிர்வாகம் கெட்டுப்போச்சு என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. மறுபடி 3க்கு வந்தால் சாதனை என்றும் சொல்ல முடியாது.

அப்போ எதைப் பார்ப்பது? ஒவ்வொரு மரணத்தையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி இங்கே 99.6 சதவீதப் பிரசவம் மருத்துவமனையில்தான் நடக்கிறது. ஆகவே வீட்டிலேயே வைத்திருந்தார்கள், லேட்டா வந்தார்கள் என்று குடும்பத்தின் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க முடியாது. ரத்தப்போக்கு தொடங்கி எத்தனை நிமிடத்தில் கண்டுபிடித்தார்கள்? ரத்தம் கையில் இருந்ததா? கீழ்ப்பாக்கத்துக்கோ எழும்பூருக்கோ அனுப்பும்போது முன்கூட்டியே போன் பண்ணினார்களா? கேள்வி இப்போது மருத்துவமனைக்குள்ளும், இரண்டு மருத்துவமனைகளுக்கு நடுவிலுள்ள சாலையிலும் இருக்கிறது.

பேறுகால மரணத் தணிக்கை தமிழ்நாட்டுக்குப் புதுசு இல்லை; நாட்டிலேயே முன்னோடிகளில் ஒருவர் நாம். ஆனால் கேரளத்தில் மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பு 2004 முதல் ரகசிய ஆய்வு நடத்தி, 'அம்மாக்கள் ஏன் இறக்கிறார்கள்' என்ற தலைப்பில் அறிக்கைகளைப் புத்தகமாகவே போட்டது. பெண்ணின் பெயரும் இருக்காது, மருத்துவமனையின் பெயரும் இருக்காது. எங்கே சறுக்கியது என்பது மட்டும் இருக்கும். பிரிட்டனில் இந்த வழக்கம் 1952இலிருந்தே இருக்கிறது.

பெயரை மறைத்துவிட்டுப் பாடத்தை மட்டும் வெளியிடுவதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. சுகாதார மாவட்ட வாரியாக, வருடத்துக்கு ஒரு முறை, நாலு பக்கம் போதும். அது வரும்வரை அந்த 54ஐ வைத்து ஆவடியைப் பற்றி எதுவும் சொல்லாமல் இருப்பதே நேர்மை.